வெள்ளை வேட்டியும் மாநிற முகமும்

படப்பிடிப்பில் ஆர்வமுள்ள அன்பர்கள் எம்மைக் கண்டவுடன் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதே. கையிலிருக்கும் கமராவினால் எடுத்த படங்களில் என்ன குறை கண்டீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, "முகங்கள் கறுத்துப் போகின்றன" என்பதாகும். இக்குறைக்காகப் புதிய கமராவுக்குப் பணத்தைக் கொட்டுவது, செருப்புக் கடிக்கின்றதென்று தெருவை மாற்றுவது போன்றதே. காரணம் கமராவின் விலையில் இல்லை. அது ஒளியை அளக்கும் முறையில் இருக்கின்றது.

நல்லூர்த் திருவிழாக் காலத்து வீதியை நினைத்துக்கொள்வோம். உச்சி வெயில், எங்கும் மணல், மேலாடையின்றி வெள்ளை வேட்டி தரித்த அடியவர்கள். இக்காட்சியைத் தன்னியக்க முறையில் எடுத்தால், மணல் மங்கிக் கிடக்கும். வேட்டி மடிப்பு மடிப்பாகத் தெரியும். அடியவரின் முகமோ கண்ணும் மூக்கும் புலப்படாத கரிக்கட்டையாய் நிற்கும். அதே மனிதரை இருண்ட திண்ணையொன்றிற் குத்துவிளக்கின் அருகே இருத்தி எடுத்தாலோ, முகம் வெளிறிப்போய், சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

கமராவினுள் இருக்கும் ஒளிமானி, பொருளின் மீது விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அளக்கின்றது. வந்த ஒளி வெள்ளைப் பொருளிலிருந்து வந்ததா, கரிய பொருளிலிருந்து வந்ததா என்று அறிய அதற்கு வழியில்லை. ஆகவே உலகம் சராசரியாக நடுத்தர நரை நிறமுடையது என்று கொண்டு, எக்காட்சியையும் அந்த நிறத்துக்கு இழுத்துவிடுகின்றது. படப்பிடிப்பாளர் கையாளும் நரை அட்டை, தன்மீது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் தெறிக்கச் செய்வது. ஏறத்தாழ அதுவே அந்நடுத்தரம். ஐயமுள்ளவர்கள் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சட்டம் நிறையும்படி ஒரு படமும், விரித்த கறுப்புக் குடையை அவ்வாறே ஒரு படமும் எடுத்துப் பார்க்கலாம். விரிப்பு சலவை காணாததாயும், குடை பத்து வருடம் வெயிலிற் காய்ந்ததாயும், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாய் வரக் காண்பார்கள்.

இத்தவறைத் திருத்தும் கருவி கமராவிலேயே உண்டு. கூட்டலும் கழித்தலும் குறித்த சிறு பொத்தான் அல்லது சக்கரம் அது. ஒரு படி கூட்டினால் ஒளி இரு மடங்காகும். ஒரு படி கழித்தாற் பாதியாகும். மணலும் வேட்டியும் நிறைந்த காட்சிக்கு ஒரு படி, சில வேளை ஒன்றரைப் படி கூட்டுக. இருள் சூழ்ந்த காட்சிக்கு ஒரு படி கழிக்க. கைத்தொலைபேசியில் எடுப்போர் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, அங்கு தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ நகர்த்தினாற் போதும்.

முகம் மட்டுமே சட்டத்தை நிறைக்கும்படி நெருங்கி எடுக்கும்போது கணக்கு மாறும். மாநிறமெனின் கமராவின் கணிப்பே ஏறத்தாழச் சரியாக அமையும். நல்ல கறுப்பு முகமெனின் அதனையும் நடுத்தரமாக்கக் கமரா முனைவதால், அரைப்படி தொடக்கம் ஒரு படி வரை கழித்தல் வேண்டும். கறுப்பு முகத்துக்கு ஒளியைக் கழிப்பதா என்று பலர் தயங்குவர். கறுத்தவரைக் கறுத்தவராகவே, ஆனால் கண்ணின் ஒளியும் கன்னத்தின் வளைவும் தெரியக் காட்டுவதே எமது நோக்கம், வெளுப்பதன்று.

இந்த நிறத் தகராறு டிஜிட்டல் கமராவுடன் தோன்றியதன்று. வண்ணப் பிலிம் காலத்தில் அமெரிக்காவின் கொடாக் கம்பனி, படம் அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டையொன்றை அனுப்பி வந்தது. அதிலிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அமர்ந்த கம்பனி ஊழியரின் பெயரால் அது 'ஷேர்லி அட்டை' எனப்பட்டது. அம்முகம் செவ்வையாக வந்தால் இயந்திரமும் செவ்வையென்று கொள்ளப்பட்டது. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வரலாற்றை எடுத்துரைத்துள்ளார். பிலிமிற் கபில நிறங்கள் திருந்தியமைக்கு, சொக்கலேற்று உற்பத்தியாளரும் மரத்தளபாட வியாபாரிகளும் தத்தம் சரக்கின் நிறபேதம் படத்திற் தெரியவில்லையென முறையிட்டதும் ஒரு காரணமென்று அதிற் காண்கிறோம். கரிய மனிதரின் முகத்துக்குக் கிட்டாத கவனம் சொக்கலேற்றுக்குக் கிட்டியிருக்கின்றது!

கூகிள் நிறுவனம் 2021 இல் பிக்சல் 6 கைத்தொலைபேசியுடன், கரிய மேனி நிறங்களைச் செவ்வையாகக் காட்டும் 'ரியல் டோன்' என்னும் ஏற்பாட்டை அறிமுகஞ் செய்தது. நல்ல காரியமே. ஆயினும் வேறு பல கைத்தொலைபேசிகளில் 'அழகூட்டல்' என்றொரு வசதி இருந்து, கேட்காமலே முகத்தை மழித்து வெளுத்து விடுகின்றது. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறு நிறமாக எத்தனை பூப்புனித நீராட்டு விழாப் படங்களைப் பார்த்துவிட்டோம்! தன் நிறம் எந்தப் பாட்டியிடமிருந்து வந்ததென்று அறிய, பரதேசத்தில் வளரும் பேர்த்தி ஒருநாள் அந்த ஆல்பத்தைத்தான் புரட்டப் போகின்றாள். அவ்வசதியைக் கண்டவுடன் அணைத்துவிடுக.

ஒளியை அளந்தாயிற்று, அது எங்கிருந்து வருகின்றது என்பதும் முக்கியம். நமது வீடுகளில் விறாந்தையை விடச் சிறந்த ஸ்ரூடியோ வேறில்லை. காலை பத்து மணியளவில், வெயில் படாத விளிம்பில் ஒருவரை இருத்தினால், வானத்தின் மென்மையான ஒளி ஒரு பக்கமாக வந்து முகத்தைத் தடவும். முற்றத்து மணல் கீழிருந்து சிறிது ஒளியை ஏற்றிக் கண்குழிகளை நிரப்பும். முற்றம் புல்லாயின் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை மடியருகே பிடித்தால் அதே பயன் கிடைக்கும். நேரே அடிக்கும் பிளாஷ் எமக்கு உடன்பாடில்லை. கரிய மேனியில் அது நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுக்களை உண்டாக்கி, எஞ்சிய முகத்தைத் தட்டையாக்கிவிடும். மாமர நிழல் முகத்திற் பச்சையேற்றும். நீலப் படங்கு கட்டிய பந்தலின் கீழ் மணமகள் நீலகண்டராகிவிடுவாள். வெண்மைச் சமநிலையைத் திருத்தி இதனை ஓரளவு குறைக்கலாமேயன்றி, இரு நிற ஒளிகள் கலந்தவிடத்து முற்றாக நீக்க முடியாது. ஆளை நான்கடி வெளியே நகர்த்துவதே சுருக்கமான வைத்தியம்.

வேட்டியையும் முகத்தையும் ஒருங்கே காக்க விரும்புவோர் படத்தை 'றோ' என்னும் மூல வடிவிற் சேமித்தல் நன்று. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. பதினான்கு பிற் மூல வடிவில் 16,384. நிழலில் ஒளிந்த முகத்தைப் பின்னர் கணினியில் உயர்த்தலாம். முற்றாக வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பை எவராலும் மீட்க இயலாது. ஆதலின் வேட்டி வெளுக்கும் எல்லைக்குச் சற்று முன்னே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, கமராக் கேள்விக்கு வருவோம். பணம் இருந்தால் உடலை விட்டு வில்லையை வாங்குக. கமராவுடன் சேர்ந்து வரும் சூம் வில்லை, நீட்டிய நிலையில் எப் 5.6 அளவே திறக்கும். கனன், நிக்கன், சோனி ஆகிய மூவரும் விற்கும் 50 மில்லிமீற்றர் வில்லை எப் 1.8 வரை திறந்து, ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மூவரிடத்தும் அது விலை குறைந்த வில்லைகளுள் ஒன்று. சிறிய உணரியுடைய கமராவில் அது முகப் படத்துக்கு மிகவும் பொருந்தும். முழுதாகத் திறந்தால் கண் தெளிந்து காது மங்குமாகையால், இருவர் அமர்ந்த படத்துக்கு எப் 4 வரை மூடிக்கொள்க. உடல் பழையதாயிருந்தாலும் குற்றமில்லை.

கடைசியாக அச்சுக்குக் கொடுக்கும் வேளை. பல ஸ்ரூடியோக்களில் முகத்தை வெளுப்பிப்பது உபசாரமாகக் கருதப்படுகின்றது. "நிறத்தைத் தொடவேண்டாம், உள்ளபடி அச்சிடுங்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லி, முதலில் ஒரு சிறிய பிரதியை மட்டும் எடுத்து, கடையின் மின்விளக்கில் அன்றி வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திற் பார்த்த பின்பே பெரிய படத்துக்குப் பணம் கட்டுக.