எஸ்தோனியாவில் ஒரு முகவரி

"எஸ்தோனியாவுல கம்பெனி ஆரம்பிச்சிரு மாப்ள" என்கிறார்கள் நண்பர்கள். 2014-இல் அந்நாடு கொண்டுவந்த இ-ரெசிடென்சி அட்டை இருந்தால், புளியறையில் உட்கார்ந்தபடியே பதிவு செய்துவிடலாம். ஐரோப்பிய வாடிக்கையாளர் இருப்பவருக்கு அது வசதிதான். ஆனால் அந்த அட்டை விசாவும் இல்லை, வரியிலிருந்து தப்பும் வழியும் இல்லை.

எஸ்தோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். கிட்டத்தட்ட நம் தென்காசி மாவட்டம். 2003-இல் வந்த ஸ்கைப்புக்கு மென்பொருள் எழுதியது அந்தச் சின்ன ஊர்க்காரர்கள்தான். அவர்களிடம் கற்க வேண்டிய அந்தத் துணிச்சலை விட்டுவிட்டு முகவரியைக் கடன் வாங்குகிறோம். பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ இயங்குவதைப் பார்த்த பிறகுமா?

நான் புளியறையிலேயே பதிவு செய்கிறேன். செங்கோட்டை பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குச் சம்பளம் போட தாலின் முகவரி எதுக்கு?