பரிதாபம் இல்லை, ரசனை

'சின்ன அணிக்குக் கைதட்டுவது பரிதாபம். அவர்கள் கோல் வாசலை அடைத்து நிற்பார்களே தவிர, ஆட மாட்டார்கள்' என்கிறார்கள். 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்துடன் 1-1 என டிரா ஆனதும் ரொனால்டோவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஒப்புக்கொள்ளவே முடியாது.

அதே தொடரில் இங்கிலாந்துக்கு எதிராக ஐஸ்லாந்து அடித்த முதல் கோலைப் பாருங்கள். ரூனி பெனால்டி அடித்த இரண்டே நிமிடத்தில் குன்னார்சன் பக்கக்கோட்டிலிருந்து பந்தை நெடுந்தூரம் எறிகிறார். ஆர்னசன் தலையால் தட்டிவிட, பாய்ந்து வந்த சிகுர்ட்சன் வலைக்குள் அடிக்கிறார். ஆஸ்திரியாவுக்கு எதிராகவும் இதே எறிதல், இதே தலை. தற்செயலா இது?

2016-இல் மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத குளிர்த்தீவு அது. கூரையிட்ட மைதானங்கள் கட்டி, சிறுவர்களுக்கும் உரிமம் பெற்ற பயிற்சியாளர்களை வைத்து வளர்த்த அணி. 2018 உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த ஹால்டோர்சன், அவர் அடிக்கும் விதத்தை முன்கூட்டியே பார்த்துப் படித்து வந்தவர். இந்த உழைப்புக்கா பரிதாபம்?

உங்கள் நாடு ஆடாத நாளில் இப்படியொரு அணியின் பக்கம் உட்காருங்கள். அந்த யூரோவில் பிரான்ஸிடம் ஐஸ்லாந்து 5-2 எனத் தோற்ற அன்றும், இடைவேளையில் 4-0 எனப் பின்தங்கியவர்கள், இரண்டு கோலைத் திருப்பி அடித்தார்கள்.