சொல்லும் பொருளும்: தெய்வமும் தெய்யமும்

அன்பர் ஒருவர் வினவியுள்ளார்: "என் மகன் தோழர்களுடன் கூடி, கற்பனை உலகம் ஒன்றில் நிகழும் விளையாட்டு ஒன்றை அமைக்கிறான். அதில் இறந்தும் அடங்காதவை பல வருகின்றன. எல்லாவற்றையும் 'தெய்யம்' என்றே எழுதிவைத்திருக்கிறான். கேட்ட என் தாயார் கடிந்துகொண்டார். தக்க தமிழ்ப் பெயர்கள் யாவை?"

பையன்மேல் பிழை இல்லை. ராமகுப்பத்தில் தெலுங்கு பயிலும் பிள்ளைக்குத் தெய்யம் என்றால் பேய்தான். நம் தெய்வம் என்னும் அதே சொல்லே அங்குத் திரிந்து பேயைக் குறிக்கலாயிற்று. கடவுளைத் 'தேவுடு', 'தைவம்' என்பர். கன்னடத்துத் 'தெவ்வ'வும் பேயே. வடமலபாரிலோ, தெய்யம் என்பது கோலம் கட்டி ஆடி அருள்வாக்குச் சொல்லும் தெய்வம்! ஒரே ஒலியைக் கேட்டுக் கும்பிடுவதா, ஓடுவதா என்பது கேட்பவர் மொழியைப் பொறுத்தது.

இனிப் பெயர்கள். பூதத்தை இவ்வரிசையில் சேர்த்தல் தகாது. அது செத்தவர் உரு அன்று. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் புகார் நகரில் தீயோரைத் தண்டித்த காவல் தெய்வம். பேயும் பழைய நூல்களில் தனி இனமே. கலிங்கத்துப்பரணியில் களத்திலே கூழ் அட்டு உண்ணும் பேய்கள் மாண்ட வீரர்கள் அல்லர். அகால மரணம் அடைந்தவர் பேயாவர் என்பது இன்றைய வழக்கு. விளையாட்டுக்கு அது போதும். உடலின்றி உலவுவதை ஆவி எனலாம். மூச்சுக்கும் அதுவே பெயர். இட்டலிப் பானையிலும் அதுவே எழுகிறது!

உடலோடு எழுவதற்குப் பொருத்தமான பெயர் வேதாளம். பிணத்துள் புகுந்து பேசுவது அதன் இயல்பு; விக்கிரமாதித்தன் தோளில் சுமந்தது அத்தகைய பிணத்தையே. அறிவோடு புதிர் போடும் அதனை, மேனாட்டு 'ஜோம்பி'யோடு குழப்பலாகாது. ஜோம்பி ஹெய்தி நாட்டு நம்பிக்கை: மந்திரவாதி பிணத்தை எழுப்பி, தன்னினைவற்ற அடிமையாக வேலை வாங்குவான். அது மனித ஊன் தின்னத் தொடங்கியது 1968இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்திற்குப் பின்னரே. அதற்கு 'நடைபிணம்' என்பேன். வாழ்ந்தும் வாழாதவரை அவ்வாறு சொல்கிறோம். இங்கு நேர்ப்பொருளிலேயே வழங்கலாம்.

குருதி உண்பதற்கு 'இரத்தக்காட்டேரி' என்பது பரவிய பெயர். ஆயினும் காட்டேரியைக் குலதெய்வமாக வணங்கும் குடும்பங்கள் உண்டு. 'குருதியுண்ணி' என்று வைத்தால் யார் மனமும் நோகாது.

வாயில் நெருப்போடு திரிவது கொள்ளிவாய்ப் பிசாசு. தெலுங்கில் 'கொரிவி தெய்யம்' என்பர். கொரிவி என்றாலும் கொள்ளிக்கட்டையே. இப்பெயரைத் தெலுங்குத் தோழர்களுக்குப் பையன் விளக்கவே வேண்டியதில்லை.