வேடன் ஊரில் பறவைக்குக் காவல்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பத்திரிகையில் வீட்டு விளம்பரங்கள் பக்கம் பக்கமாய் வந்துவிடுகின்றன. "ஏரியைப் பார்த்த வீடு, பால்கனியில் நின்றால் பறவைகள், ஜன்னலைத் திறந்தால் குளுகுளு காற்று" என்று ஆசை காட்டுகிறார்கள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையில் சென்ற வாரம் பெரியவர் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெற்கே ஒரு ஏரிக்கரையில் வீடு வாங்க யோசனை.

"ஏன் சார், அங்கே ராத்திரியிலே வலை போட்டுக் கொக்கு பிடிக்கிறானாமே? நாம் குடி போனால் அவனோடு தினம் சண்டை போட வேண்டியிருக்குமோ? நாம் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

நியாயமான கேள்விதான். கரையில் குடியிருப்பவனுக்கும், அதே தண்ணீரில் பறவையை வேட்டையாட வருகிறவனுக்கும் தகராறு வந்தால் யார் பக்கம் நியாயம்? இது புதிய வழக்கும் அல்ல. இருநூறு வருஷங்களுக்கு முன்பே நம் செங்கல்பட்டுச் சீமையில் இந்த வழக்கு நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது. வாதிகள் ஏழைக் குடியானவர்கள். பிரதிவாதிகள் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வென்றது யார் தெரியுமா? குடியானவர்கள்!

கலெக்டர் கொடுத்த கவுல்

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். ஏரி ஒன்றும் கடல் போன்றதல்ல. ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். அதன் நடுவே தண்ணீரில் கால் நனைத்து நிற்கின்றன நீர்க்கடம்பு மரங்கள். மழைக்காலம் வந்தால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன.

18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்த ஏரிக்குக் கும்பினிச் சிப்பாய்கள் வேட்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. 'டுமீல்' என்று ஒரு சத்தம். கூட்டில் இருக்கும் தாய்ப் பறவை கீழே விழும். மற்றவை கூட்டைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். ஊரார் பார்த்தார்கள். கம்பு எடுக்கவில்லை, கல் எறியவில்லை. நேரே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. அவர் விசாரித்து, இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்கு ஒரு 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் சர்க்கார் எழுத்து மூலம் தரும் உறுதி.

இதிலே ஒரு வேடிக்கை. 'தாங்கல்' என்றால் சிறு ஏரி. 'வேடன் தாங்கல்' என்பதுதான் ஊர்ப் பெயர். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைக்குக் காவல் நின்றது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பிளேஸ் துரையைப் பற்றி மதுராந்தகத்தில் ஓர் ஐதிகம் உண்டு. பெரிய ஏரியின் கரை மழைக்கு உடைந்து கொண்டே இருந்ததாம். ஒரு மழை இரவில் துரை பார்க்கப் போனபோது, வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நின்றதைக் கண்டாராம். கரையும் அன்று உடையவில்லையாம். ராம லட்சுமணர்களே அவர்கள் என்று நம்பித் தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார் என்பார்கள். 'ஏரி காத்த ராமர்' என்ற பெயரை இன்றும் அங்கே கேட்கலாம். வில் ஏந்தியவர்கள் ஏரியைக் காத்தார்கள் என்பது மதுராந்தகத்துக் கதை. துப்பாக்கி ஏந்தியவர்களிடமிருந்து ஏரியைக் காத்தார்கள் என்பது வேடந்தாங்கல் சரித்திரம். இரண்டிலும் பிளேஸ் துரை வருகிறார்!

இரக்கம் மட்டுமா?

ஊரார் பறவை மேல் வைத்த இரக்கம் உண்மையானதுதான். ஆனால் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் புத்திசாலிகள்.

ஆயிரக்கணக்கான பறவைகள் மரங்களில் உட்கார்ந்தால் எச்சம் முழுவதும் ஏரித் தண்ணீரில் விழுகிறது. தண்ணீர் உரமாகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது, நெல் செழிக்கிறது. காசு கொடுத்து வாங்காத உரம், வண்டி கட்டிக் கொண்டு வராத உரம். ஆகவே சிப்பாய் ஒரு நாரையைச் சுட்டபோது குடியானவன் வயலில் ஒரு மரக்கால் நெல் குறைந்தது. அவன் கலெக்டரிடம் கேட்டது தர்மம் அல்ல, தன் உரிமை.

அந்த உரிமையை அவர்கள் நழுவ விடவும் இல்லை. 1858-இல் புதுப்பித்துத் தரும்படி கேட்டு, மறுபடியும் எழுத்து வாங்கினார்கள். 1936-இல் சரணாலயம் என்று அங்கீகாரம் கிடைத்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை சரணாலய எல்லை என்று அரசு அறிவித்தது. 2020-இல் அதை 3 கிலோ மீட்டராகக் குறைக்க ஒரு யோசனை கிளம்பியபோது எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் 'ராம்சர்' பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது.

மகாராஜாவின் கணக்கு

எல்லா ஊர் ஏரிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வடக்கே பரத்பூரில், மகாராஜா வாத்து வேட்டைக்கென்றே நீர்நிலையைப் பராமரித்தார். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தாளியாக வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! அங்கே கரையோரத்துக் குடியானவனை யாரும் கேட்கவில்லை. 1972 வரைக்கும் பிரமுகர்களின் வேட்டை ஓயவில்லை.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991-இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. இன்று நம் ஏரிகளில் காட்டு வாத்தைச் சுடுவதும், வலை வைத்துப் பிடிப்பதும், பிடித்ததை விற்பதும் குற்றம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பருவகாலத்தில் உரிய அனுமதியோடு வாத்து சுடுவது சட்டப்படி சரி. 1934 முதல் வேட்டைக்காரர்கள் 'வாத்து ஸ்டாம்ப்' வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறது சர்க்கார். இன்னொரு பக்கம், ஏரிக்கரையில் லட்சக்கணக்கில் கொடுத்து வீடு கட்டியவர் விடியற்காலையில் வேட்டுச் சத்தம் கேட்டு அலறி எழுந்திருக்கிறார். வேட்டைக்காரனைத் தடுக்க அவர் தட்டைத் தட்டி வாத்துகளை விரட்டினால், அவர்தான் குற்றவாளி! வேட்டைக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. நம் பெரியவர் இதைக் கேட்டால், "நல்ல வேளை, நாம் அமெரிக்காவில் வீடு வாங்கவில்லை" என்பார்.

வலை வீசுகிறவன் மட்டும்தானா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக, ஏழையைக் கண்டால் விரட்டுவது நியாயம் ஆகாது. நரிக்குறவர்களுக்குக் குருவிக்காரர் என்றும் ஒரு பெயர் உண்டு. பறவை பிடிப்பது அவர்களுக்குப் பரம்பரைத் தொழிலாக இருந்தது. சட்டம் ஒரு நாளில் தொழிலைப் பறித்தது. வேறு தொழிலை அதே வேகத்தில் கொடுக்கவில்லை. பாசிமணி கோத்து விற்றுப் பிழைக்கிறார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமே 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே வலையைப் பார்த்தவுடன் வலைக்காரன் ஜாதியைப் பேசுவதை விட்டுவிட்டு, அந்தக் கொக்கை விலை கொடுத்து வாங்குகிறவன் யார் என்று கேட்க வேண்டும். 'காட்டு ருசி' தேடி வண்டியை நிறுத்துகிற பட்டணத்துக்காரன் இல்லாவிட்டால் அந்த வியாபாரமே கிடையாது.

துப்பாக்கி போச்சு, வீடு வந்தது

இப்போது நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக் கொள்வோம். துப்பாக்கி விரட்டிய பறவைகள் அதிகமா, வீடு விரட்டிய பறவைகள் அதிகமா?

ஆழ்வார்பேட்டையிலிருந்து மேற்கே மவுண்ட் ரோடைத் தாண்டினால் ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்ட அந்தத் தண்ணீரை 'லாங் டாங்க்' என்றே வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக்கைத்தான் காணோம்! அந்த ஏரியின் பறவைகளை ஒழிக்க ஒரு தோட்டாகூடத் தேவைப்படவில்லை. வண்டி வண்டியாய் மண் போதுமானதாக இருந்தது.

தெற்கே பள்ளிக்கரணைக்குப் போவோம். பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும் சதுப்பு நிலம். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் மாடி மாடியாய்க் கட்டடங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு பகுதியை 2007-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் அதற்கும் ராம்சர் பெயர் கிடைத்தது. ஆனால் சதுப்பு சுருங்கிய கதையை 2015 டிசம்பர் வெள்ளம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து சொல்லிவிட்டுப் போயிற்று. பறவைக்கு இடம் இல்லாத இடத்தில் தண்ணீருக்கும் இடம் இல்லை. தண்ணீர் இடம் தேடினால் நம் கூடத்துக்குத்தான் வரும்.

வாத்தைச் சுடுகிறவனை நாம் கொடியவன் என்கிறோம். அவன் சுட்ட பிறகும் ஏரி இருக்கிறது. அடுத்த வருஷம் வேறு வாத்து வரும். ஏரியைத் தூர்த்து வீடு கட்டியவன் இடத்துக்கு எந்த வருஷமும் எந்த வாத்தும் வராது. இந்த வித்தியாசத்தை மறந்து விட்டு வேட்டைக்காரன் மேல் மட்டும் பழி போடுவது நேர்மை அல்ல.

கரையில் இருப்பவன் கடமை

ஏரிக்கரையில் வீடே கூடாது என்பது நம் கட்சி அல்ல. வேடந்தாங்கல்காரர்களும் கரையில்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏரியை வேடிக்கை பார்க்கும் சினிமாவாக நினைக்கவில்லை; குடும்பச் சொத்தாக நினைத்தார்கள். நம்மவரோ, பறவை தூரத்தில் பறந்தால் போட்டோ எடுக்கிறோம். நம் காரின் மேல் எச்சம் போட்டால் மரத்தை வெட்டச் சொல்லி மனு எழுதுகிறோம்.

சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் பக்கத்தில்தான். பறவை மிரளக் கூடாது என்று அந்த ஊரார் பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே குழந்தைகள் இல்லையா? குழந்தைகளுக்கு ஆசை இல்லையா? இருந்தும் ஒரு ஊர் முழுக்கக் கட்டுப்பாடாக இருக்கிறது. பட்டணத்தில், படித்தவர்கள் வாழும் குடியிருப்பில் அது ஏன் முடியாது?

வீடு வாங்கப் போகிற பெரியவருக்கு நாம் சொல்வது இதுதான். பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நிலம் ஏரியாக இருந்ததா என்று பழைய வரைபடத்தைப் பாருங்கள். ஏரியை விழுங்கிய மனை என்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்று திரும்பி வாருங்கள். நல்ல மனையாக இருந்து குடி போனால், கழிவு நீரை ஏரியில் விடாதீர்கள், விடுகிறவரையும் விடாதீர்கள். ராத்திரி வலையைப் பார்த்தால் கைகலப்புக்குப் போக வேண்டாம், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். ஒருவர் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று பயமா? நாலு வீட்டார் சேர்ந்து, எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுதான் வேடந்தாங்கல் வழி.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருந்த காலத்தில், அந்நிய ஆட்சியில், துப்பாக்கிக்கு எதிரே ஒரு கிராமம் காகிதத்தை நீட்டி ஜெயித்தது. ஓட்டும் சட்டமும் கையில் உள்ள நமக்கு அது முடியாதா? ஏரியின் அழகை அனுபவிக்கிறவன் ஏரிக்குக் கடன்பட்டவன். அந்தக் கடனைக் கட்டினால், நம் பேரக்குழந்தைகள் 'லேக் வியூ' என்ற பெயர்ப் பலகையை மட்டும் பார்க்காமல், லேக்கையும் பார்ப்பார்கள்!