எந்த மரக்காலால் அளக்கிறார்கள்?

சென்ற வாரம் ஒரு பஞ்சாலையின் வாயிற்கூட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் பத்திரிகையைக் கொண்டுவந்து நம் முன் போட்டார்.

“தோழர், இதைப் பாருங்க. அமெரிக்காவிலே ஆளுக்கு நாலரைக் கோடி ரூபா சொத்து இருக்காம். நம்ம நாட்டிலேயும் நடுத்தர வர்க்கம் நாப்பத்திமூணு கோடிப் பேர் ஆயிட்டாங்களாம். எங்க மேஸ்திரி இதைக் காட்டி, ‘உலகமே முன்னேறுது, நாடே முன்னேறுது, நீங்க மட்டும் ஏன்யா பஞ்சப்படி பஞ்சப்படின்னு கத்துறீங்க’ன்னு கேக்குறார். என்ன பதில் சொல்றது?”

அன்று அரைகுறையாகத்தான் சொன்னோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இங்கே முழுக்கச் சொல்கிறோம்.

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிகளுக்கு மரக்கால் சங்கதி தெரியும். நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். வாங்குகிற மரக்கால் பெரிது. கொடுக்கிற மரக்கால் சிறிது. முத்திரை போட்ட மரக்கால் வேண்டும் என்று 1940களில் சங்கம் கேட்டபோது மிராசுதார்கள் குதித்த குதியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று நாடுகளின் சொத்தையும் வருமானத்தையும் ஒப்பிட்டுத் தம்பட்டம் அடிப்பவர்கள் கையிலும் இரண்டு மரக்கால்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் சராசரி. இன்னொன்றின் பெயர் நடுத்தர வர்க்கம்.

முதலில் சராசரியைப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 60 குடும்பங்கள். ஒரு மிராசுதாருக்கு 60 ஏக்கர் நஞ்சை. மற்ற 59 குடும்பங்களுக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. கணக்குப்பிள்ளை வந்து என்ன எழுதுவார்? “இக்கிராமத்தில் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்” என்று எழுதுவார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு ஏக்கரை உழுகிற குடும்பம் ஊரில் ஒன்றுகூட இல்லை! அதே 60 குடும்பங்களையும் ஏழையில் தொடங்கிப் பணக்காரன் வரை வரிசையாக நிறுத்துங்கள். சரியாக நடுவில் நிற்பவரைக் கூப்பிட்டு, “உமக்கு எவ்வளவு ஐயா?” என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்பார். ஊரின் நிலைமை அவர் வாயில்தான் இருக்கிறது.

இந்தச் சண்டை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1963இல் லோக்சபையில் டாக்டர் ராம் மனோகர் லோகியா, 27 கோடி ஜனங்கள் நாளொன்றுக்கு 3 அணாவில் பிழைக்கிறார்கள் என்றார். இல்லை, 15 அணா என்றது சர்க்கார் தரப்பு. சராசரியைக் காட்டித்தான் அந்தப் பதில். லோகியா நம் கட்சிக்காரர் அல்ல. நம்மோடு பலமாகச் சண்டை போட்டவர். ஆனாலும் அன்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். மேஸ்திரி காட்டிய நாலரைக் கோடி ரூபாய் புளுகு அல்ல. சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். பாங்க் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளதுதான். (பெரும் பணக்காரர்களின் பணத்தைக் காப்பதே அந்தப் பாங்கின் தொழில். எவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?) அதன்படி 2022 முடிவில் அமெரிக்காவில் வயது வந்த ஒருவருக்குச் சராசரிச் சொத்து சுமார் 5.5 லட்சம் டாலர். பெல்ஜியத்தில் 3.5 லட்சம் டாலர்தான். அமெரிக்காவே உயர்ந்தது என்று இதோடு பத்திரிகையை மூடிவிடுகிறார்கள்.

மூட வேண்டாம். அதே அறிக்கையில் வரிசையின் நடுவில் நிற்கும் ஆளின் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த நடு ஆளிடம் உள்ளது சுமார் 1.08 லட்சம் டாலர். பெல்ஜியத்தின் நடு ஆளிடம் 2.5 லட்சம் டாலர்! இரு மடங்குக்கும் மேலே. அமெரிக்கனுடைய 5.5 லட்சம் எங்கே போயிற்று? மிராசுதாரின் 60 ஏக்கர் எங்கே இருக்கிறதோ அங்கேதான்.

அமெரிக்க மத்திய பாங்க் ஆண்டுதோறும் தன் நாட்டு ஜனங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது: திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பிலிருந்து கொடுத்துவிடுவீர்களா? 2023இல் நூற்றுக்கு 37 பேர் முழுதும் கொடுக்க முடியாது என்றார்கள். கடன் வாங்க வேண்டும், எதையாவது விற்க வேண்டும், அல்லது கொடுக்கவே வழியில்லை. சராசரியில் நாலரைக் கோடி ரூபாய்க்குச் சொந்தக்காரர்கள் இவர்கள்!

பெல்ஜியம் ஏன் வேறாக இருக்கிறது? அங்கே பொன்மழை பெய்யவில்லை. அது முதலாளித்துவ நாடுதான், ராஜாவும் இருக்கிறார், 1960 வரை காங்கோவை வைத்துச் சூறையாடிய நாடு. அந்தக் கறை அந்நாட்டுச் செல்வத்தில் இருக்கிறது, அதை மறைக்க நாம் தயாரில்லை. ஆனால் அங்குள்ள தொழிலாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏற வேண்டும் என்ற ஏற்பாட்டை முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வென்றெடுத்து இன்றுவரை காத்துவருகிறார்கள். 2022இல் ஐரோப்பாவெங்கும் விலை எகிறியது. 2023 ஜனவரியில் அங்கே லட்சக்கணக்கான குமாஸ்தாக்களுக்கும் தனியார் கம்பெனிச் சிப்பந்திகளுக்கும் ஒரே தவணையில் நூற்றுக்கு 11 சம்பளம் ஏறியது. மேஸ்திரியிடம் சொல்லுங்கள், தோழரே: உலகத்திலேயே வசதியான நடுத்தர ஜனங்கள் என்று 2023 அறிக்கையில் பாங்குக்காரனே குறிப்பிட்டவர்கள் பஞ்சப்படி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1950களின் நடுவில் தொழிலாளிகளில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இப்போது பத்தில் ஒருவர். 1971இல் அந்நாட்டில் நடுத்தர வருமானக்காரர்கள் நூற்றுக்கு 61 பேர். 2023இல் 51 பேர். மேலே ஏறியவர்களும் உண்டு, கீழே இறங்கியவர்களும் உண்டு. ஆனால் நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் 1970இல் 62 பங்காக இருந்த நடுத்தரத்தின் பங்கு 2020இல் 42 ஆகிவிட்டது. சங்கம் மெலிந்ததும் இந்தப் பங்கு மெலிந்ததும் ஒரே காலத்தில் நடந்தவை. சங்கம் ஒன்றுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டுக் காரணம் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இந்த ஒப்பீடு வெறும் பெருமைக்குப் போடும் கணக்கல்ல. ஒரு நாட்டுத் தொழிலாளியை இன்னொரு நாட்டுத் தொழிலாளிமேல் ஏவிவிடவும் பயன்படும். 2013இல் ஐரோப்பாவில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிரீஸ், ஸ்பெயின், சைப்ரஸ் ஆகிய நாடுகளின் பாங்குகளும் கஜானாக்களும் கடனில் மூழ்கிக் கிடந்த காலம் அது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி கிரீஸில் 2012இல் குறைந்தபட்சக் கூலியை நூற்றுக்கு 22 வெட்டினார்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 32. பென்ஷனையும் வெட்டினார்கள். 2013 மார்ச்சில் சைப்ரஸுக்குக் கடுமையான நிபந்தனைகளோடு உதவி. அடுத்த மாதமே, ஏப்ரலில், ஐரோப்பிய மத்திய பாங்க் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து: ஜெர்மனியில் 51,400 யூரோ. கிரீஸில் 1,01,900. ஸ்பெயினில் 1,82,700. சைப்ரஸில் 2,66,900!

ஜெர்மன் பத்திரிகைகள் குதித்தெழுந்தன. “ஏழை ஜெர்மானியன் வரி கொடுக்கிறான், பணக்கார கிரேக்கன் தின்கிறான்” என்று ஒரே கூப்பாடு. அங்குள்ள தொழிலாளிக்கும் அது பட்டிருக்கும், படாமல் இருக்குமா?

ஆனால் கணக்கின் உள்ளே என்ன இருந்தது? ஸ்பெயினில் நூற்றுக்கு 83 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. ஜெர்மனியில் 44. மற்றவர்கள் வாடகை வீட்டில். அங்கே வாடகைக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு பலம். ஆயுள் முழுக்க வாடகையில் இருக்கலாம். ஆகவே தெற்கத்தி நாட்டான் தலைக்கு மேல் கூரை சொத்தாக எழுதப்பட்டது. ஜெர்மானியன் தலைக்கு மேல் கூரை எழுதப்படவில்லை. ஜெர்மன் தொழிலாளிக்குச் சட்டப்படி வரவேண்டிய முதுமைப் பென்ஷனும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இன்னொரு வேடிக்கை: ஸ்பெயினில் கணக்கெடுக்கத் தொடங்கியது 2008இல், வீட்டு விலை விழுந்து நொறுங்குவதற்கு முன்னால். ஜெர்மனியில் 2010, 2011இல். பாங்கின் அறிக்கையிலேயே இப்படி எச்சரிக்கைகள் இருந்தன. தலைப்புப் போட்டவர்களுக்கு அவை தேவைப்படவில்லை.

கூரையைப் பிய்த்துச் சோறாக்க முடியுமா? கிரீஸில் கூலி வெட்டப்பட்டவனிடம், “உனக்குத்தான் வீடு இருக்கிறதே, நீ ஜெர்மானியனைவிடப் பணக்காரன்” என்றால் அவன் எந்தச் சுவரைக் கடிப்பான்? நம் நாட்டிலும் குடியிருப்பு மனைக்குப் பாத்தியதை வேண்டும் என்று விவசாயத் தொழிலாளிகள் போராடினார்கள். 1971இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது. இறக்கிவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் தூங்குவது சின்ன விஷயமல்ல. ஆனால் நாளை எவனாவது அந்த மனைக்கு விலைபோட்டு, “நீ சொத்துக்காரன், கூலி உயர்வு எதற்கு?” என்று கேட்டால் ஒப்புக்கொள்வோமா?

இதையெல்லாம் தூக்கி அடிக்கிற விஷயம் அந்த அட்டவணையின் அடுத்த பத்தியிலேயே இருந்தது. ஜெர்மனியின் நடுக்குடும்பத்துக்கு 51,400 யூரோ; சராசரியோ 1,95,200 யூரோ. ஏறத்தாழ நாலு மடங்கு. ஸ்பெயினில் அந்த இடைவெளி இரண்டு மடங்குகூட இல்லை. ஜெர்மன் தொழிலாளியின் பங்கு கிரீஸுக்குப் போகவில்லை. அவன் ஊரிலேயே, அவன் ஆலை முதலாளியின் மாளிகையிலேயே இருந்தது. தலைப்பில் அது வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி நம் நாடு. இங்கே இரண்டாவது மரக்கால் வேலை செய்கிறது.

பிரைஸ் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2021இல் இந்தியாவில் நடுத்தர வர்க்கம் 43 கோடி என்றது. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையமோ, 2020இல் 9.9 கோடியாக இருந்திருக்க வேண்டிய இந்திய நடுத்தர வர்க்கம் கொரோனா காலத்தில் 6.6 கோடியாகச் சுருங்கிவிட்டது என்று மதிப்பிட்டது. ஒரே தேசம், ஒரு வருஷ வித்தியாசம். ஒருவருக்கு 43 கோடி, மற்றவருக்கு 6.6 கோடி! மரக்கால் வேறு, அவ்வளவுதான்.

முதல் மரக்காலைத் திருப்பிப் பாருங்கள். வருஷத்துக்கு 5 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பம் நடுத்தர வர்க்கமாம். 5 லட்சம் என்றால் மாதம் சுமார் 42,000. அப்பா மில்லில், அம்மா பனியன் கம்பெனியில், மகன் லாரி ஷெட்டில் — மூன்று பேர் வியர்வையையும் கூட்டினால் சில வீடுகளில் இந்தத் தொகை வரும். அந்த வீடும், மாதம் 2.5 லட்சம் வாங்கும் அதிகாரி வீடும் ஒரே வர்க்கம்! மூன்று பேரில் ஒருவருக்கு வேலை நின்றால் அந்த வீடு மறு மாதமே நடுத்தரத்திலிருந்து வெளியே விழும். அதிகாரி வீடு விழாது.

இரண்டாவது மரக்கால் இன்னும் விசித்திரம். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் வரை உள்ளவர்கள் நடுத்தர வருமானக்காரர்கள் என்கிறது பியூ. பாங்கில் மாற்றும் டாலர் அல்ல. அங்கே ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இங்கே வாங்க எவ்வளவு ரூபாய் வேண்டுமோ அந்தக் கணக்குப்படியான டாலர். சரி. ஆனால் அமெரிக்க சர்க்கார் 2011இல் தன் நாட்டில் நாலு பேர் குடும்பத்துக்குப் போட்ட வறுமைக் கோடு வருஷத்துக்கு 23,021 டாலர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15.77 டாலர் ஆகிறது. அதாவது இங்கே 12 டாலரில் நடுத்தர வர்க்கம் என்று மாலை போடப்படுகிறவர் அங்கே போனால் பரம ஏழை!

இந்திய வருமானத்தைப் பற்றி பிக்கெட்டி முதலிய பொருளாதார நிபுணர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கும் இருக்கிறது. 2022-23இல் வயது வந்த ஒருவருக்குச் சராசரி வருமானம் வருஷத்துக்கு சுமார் 2.35 லட்சம் ரூபாய். நூறு பேரை நிறுத்தினால் கிட்டத்தட்ட 90 பேர் இந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள். வரிசையின் நடு ஆளுக்கு வருவது சுமார் 1.05 லட்சம். மேலேயுள்ள ஒரே ஒருவர் மொத்தத்தில் 22 பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். 1963இன் அணாக் கணக்கு அணா மறைந்த பிறகும் மறையவில்லை.

தோழர்களே, இது மில்வாசலிலும் களத்துமேட்டிலும் பயன்பட வேண்டிய கணக்கு. அடுத்த மாதம் அந்த ஆலையில் கூலிப் பேச்சுவார்த்தை வருகிறது. போன தடவை நிர்வாகம் சராசரிச் சம்பளம் இவ்வளவு என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னது. மானேஜர் முதல் கூட்டிப் பெருக்கும் அம்மா வரை எல்லோரையும் சேர்த்து வகுத்த தொகை அது. இந்தத் தடவை போகும் தோழர்கள் ஒரு கோரிக்கையை முதலில் வையுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிகளையும் காம்ப் கூலிப் பெண்களையும் விடாமல் சேர்த்து, எல்லோர் சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் பெயரைத் தொட்டுக்காட்டி, இவருடைய சம்பளத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். பட்டியலைத் தர மறுத்தால் அதையும் அடுத்த வாயிற்கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுவோம். மேஸ்திரியையும் கேட்க வரச் சொல்லுங்கள்.