சாம்பிராணியும் ஏர் ப்யூரிஃபையரும்

தீபாவளி முடிந்தால் டெல்லியில் ரெண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஊரிலிருந்து போன் வரும், "டிவியில காட்டுறான், அங்க மூச்சு விட முடியுதாடா?" என்று. அடுத்து, நம்ம ஆட்கள் ஏர் ப்யூரிஃபையர் வாங்க ஓடுவார்கள். நானும் ஓடினேன். பையனுக்கு வீஸிங். மயூர் விஹார் வீட்டு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்தி, மெஷினைப் போட்டுவிட்டு, பெரிய சாதனை செய்த மாதிரி உட்கார்ந்தேன்.

கூடவே, காற்றில் இருக்கும் நுண்துகளை (அதான், பி.எம். 2.5) அளக்கிற குட்டி மீட்டர் ஒன்றும் வாங்கித் தொலைத்தேன். வினையே அதுதான். ஹாலில் 40 காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா சாம்பிராணி போட்டார்கள். பத்தே நிமிஷம், 400! பால்கனிக்குக் கொண்டு போய்ப் பார்த்தால் அங்கே 220. அதாவது டெல்லியைவிட என் வீட்டு ஹால் மோசம் :-(

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு, ஒரு நாள் சராசரியாக கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு அளவு 60. அதுவே தாராளம்.

மெதுவாகச் சொன்னேன். "என்னடா, சாமிக்குப் போடுற புகையையும் மெஷின் வச்சுப் பாப்பியா? நீ பொறந்த வீட்டுல தெனமும் போட்டேன், உனக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புத்திசாலி.

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர் வீட்டில் நடுவில் முற்றம். புகை தானாக மேலே போய்விடும். அதே பழக்கத்தைத் தூக்கி வந்து, சாத்திய ஜன்னலுக்குள் வைத்துக்கொண்டது நாம்தான். ஊர்க்காற்றைத் திட்டுவது சுலபம். திட்டவும் வேண்டும், அதை விடக்கூடாது. ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே நாமே கொளுத்துவதற்கு யாரைத் திட்டுவது?

சாம்பிராணியாவது வாரம் ஒரு நாள். கொசுவத்திச் சுருள்? ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. அதைத்தான் குழந்தையின் தலைமாட்டில் விடிய விடிய வைக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது பழையபடி கொசுவலை.

மணி பிளான்ட் வைத்தால் போதும் என்று ஒரு கோஷ்டி சொல்லும். நாசா 1989-ல் செய்த சோதனை மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது. வீட்டுக்குள் அந்தப் பலன் கிடைக்க சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-ல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். செடி அழகுக்கு வையுங்கள்.

மெஷினைப் பற்றி ஒன்று முக்கியம். ஹெபா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. வாசனையும் கிடையாது அதற்கு. மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. பாத்ரூமுக்குள் மாட்டிய கேஸ் கீசரும் அதே கதைதான். எங்கள் பழைய வாடகை வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. ஒருநாள் தங்கமணி தலை சுற்றி வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெந்நீர் சூடு என்று நினைத்தோம். காரணம் புரிந்த பிறகு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. கேஸ் கீசர் இருந்தால் இன்றைக்கே வெளியே மாற்றச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் முறைத்தாலும் சரி.

ஜன்னலை மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள் கொஞ்ச நேரம் திறக்கிறோம். குளிர்காலத்தில் அதிகாலையையும் ராத்திரியையும்விட அப்போது பரவாயில்லை. தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

சாம்பிராணி இப்போது பால்கனியில். அம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மட்டும் வாசனை நன்றாக இருக்கிறதே என்று கேட்டு, ஒரு பொட்டலம் வாங்கிப் போனார். ஜன்னலைத் திறந்து வைத்துப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.