நல்ல வக்கீல் ஒருவர் போதுமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், 1930களின் காலம், இரண்டு வழக்குகள். ஒன்று கதை, மற்றது நடந்தது. இரண்டிலும் வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் கறுப்பர்மீது பழி. இரண்டிலும் ஜூரிகளாக உட்கார்ந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே.

கதை, ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல். கூலித் தொழிலாளி டாம் ராபின்சனுக்கு இடது கை விளங்காது. பெண்ணின் முகத்திலோ வலப்பக்கம் காயம். அது இடக்கைக்காரன் அடித்த அடி. வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்ச் இதைச் சபையறியக் காட்டுகிறார். ஆனாலும் ஜூரிகள் ‘குற்றவாளி’ என்கிறார்கள். பின்னர் சிறையிலிருந்து தப்ப முயலும்போது டாம் சுடப்பட்டுச் சாகிறான். தோற்ற வக்கீல் வெளியேறும்போது மாடியிலிருந்த கறுப்பு மக்கள் எழுந்து நிற்கிறார்கள். மரியாதை சரிதான். ஆனால் வழக்கில் அவர்களுக்கு அதற்குமேல் இடமில்லை.

நடந்த வழக்கு ஸ்காட்ஸ்பரோ. 1931 மார்ச் 25 அன்று சரக்கு ரயிலில் சென்ற ஒன்பது கறுப்பு இளைஞர்களைப் பிடித்தார்கள். பதினைந்தே நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை! ஒழுங்கான வக்கீல்கூட இல்லை.

ஆனால் இங்கே மக்கள் வெறுமனே எழுந்து நிற்கவில்லை. தொழிலாளர் அமைப்புகள் வழக்கைக் கையிலெடுத்தன. தாய்மார்கள் மேடையேறினார்கள். இரு மகன்களைச் சிறையில் விட்ட ஏடா ரைட் 1932-இல் ஐரோப்பாவரை சென்று நியாயம் கேட்டார். அந்த ஆண்டே, தக்க வக்கீல் கொடுக்காதது தவறு என்று உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. 1933 மறு விசாரணையில், குற்றம் சாட்டிய பெண்களில் ஒருவரே ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்றார். ஜூரிகள் அப்போதும் தண்டித்தார்கள்! அத்தீர்ப்பைத் தள்ளிய நீதிபதி ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவி இழந்தார். 1935-இல் ஜூரிப் பதிவேடே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பர் பெயர்களைப் பின்னால் செருகியிருந்த கள்ளம் வெளிப்பட்டது. கறுப்பரை ஜூரியிலிருந்து ஒதுக்குவது செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

வெற்றி முழுமையல்ல. நால்வர் 1937-இல் விடுதலையானார்கள். கடைசி ஆள் சிறையை விட்டு வந்தது 1950-இல். மூவருக்கு மன்னிப்பு வந்தது 2013-இல், அவர்கள் இறந்தபின். ஆனால் ஒருவர்கூட மின்சார நாற்காலியில் சாகவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: நல்ல வக்கீல் வேண்டும், அவர் பின்னால் நாலு பேர் நிற்கவும் வேண்டும். வேற்று மொழி ஊரில் பிழைக்கும் நமக்கு இது இன்னும் பொருந்தும். பிடிபட்டவர் தம் வக்கீலைக் கலந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உரிமை தருகிறது. காவலில் இருப்போருக்கும் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நம்மவர் ஒருவர் பிடிபட்டால் அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். எந்தத் தாயும் கோர்ட்டு வாசலில் தனியே நிற்கக் கூடாது!